மார்கழித் தண்ணீரிலும் வெதுவெதுப்பாக

பெங்களூரு பக்கம் எங்கள் ஹெப்பகோடி குடியிருப்பில் மூன்றாவது மாடி பால்கனியைக் கடந்து போகிறவர்கள் ஒரு நொடியாவது நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பையனின் யூனிஃபார்முக்கும் என் சுடிதாருக்கும் நடுவே, மார்பு உயரத்துக்கு ஒரு முழுக்கால் உடை தலைகீழாகத் தொங்கும். ‘குளம் தூர் வார்ற வேலைங்களா மேடம்?’ என்று பால்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டார். கீழ்வீட்டு அத்தை கேட்கவில்லை. பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. யார் என்ன நினைத்தாலும் சரி, இதுவரை வாங்கிய பொருட்களில், கல்யாணப் பட்டுப்புடவையையும் சேர்த்தே சொல்கிறேன், இந்த வேடர்ஸ் தந்த சந்தோஷத்தை வேறு எதுவும் தரவில்லை!

வேடர்ஸ் என்றால் பாதத்திலிருந்து மார்பு வரை தண்ணீர் புகாத ஒரே உடுப்பு. தோளில் மாட்ட இரண்டு பட்டை, இடுப்பில் ஒரு பெல்ட். வெளிநாட்டில் மீன் பிடிப்பவர்களுக்காக வந்தது. நான் மீன் பிடிப்பதில்லை, உலோகம் தேடுகிறேன். தண்ணீருக்குள் இறங்கி நின்று, டிடெக்டரை அடிமண்ணில் மெதுவாக வீசி, காதில் ‘டூங்’ என்று ஒரு சத்தம் விழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அதற்காக.

இந்தப் பைத்தியம் எனக்கு ஊரிலேயே ஒட்டியது. நான் கரூர்க்காரி. எங்கள் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ என்று எழுத்துப் பொறித்த காசுகளைத் தேடிச் சேர்த்துப் படித்துச் சொன்ன, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் பெயர் எங்கள் வீட்டில் அடிக்கடி அடிபடும். மணலைத் தட்டில் அள்ளி, தண்ணீரில் ஆட்டி ஆட்டி அரித்து, கடைசியில் தங்கும் கறுப்புத் துகளுக்குள் விரலை விட்டுத் துழாவுகிறவர்களைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தொடை வரை நனைந்த வேட்டியோடு காலை முழுக்க நிற்பார்கள். குளிரவில்லையா என்று கேட்டால், ‘பழகிடுச்சு பாப்பா’ என்பார்கள். உதடு நீலமாக இருக்கும்.

குளிர் என்றாலே ஐரோப்பா, பனி, ஆறு டிகிரி என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் அந்தக் கணக்கில் வராது. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக அது உடம்புச் சூட்டை உறிஞ்சும். 18 டிகிரி காற்றில் ஒரு மெல்லிய சால்வை போதும். 18 டிகிரி தண்ணீரில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் தாடை தட்டும், விரல் மரத்துப்போகும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழி விடியலில் இங்கே 15 டிகிரி சாதாரணம். குட்டைத் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்; கால் வைத்ததும் ‘அட, சுகமா இருக்கே’ என்று தோன்றும். அரை மணி நேரம் கழித்துக் கேளுங்கள். இந்த விளையாட்டில் நடப்பது குறைவு, நிற்பதுதான் அதிகம். நீந்துகிறவனுக்கு உள்ளே சூடு உற்பத்தியாகும், நிற்கிறவளுக்கு அவ்வளவாக ஆகாது.

எனக்கு வேடர்ஸைக் காட்டியது அண்ணன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான், வார இறுதியானால் கென்ட் கடற்கரையில் மைன்லாப் ஈக்வினாக்ஸ் டிடெக்டரோடு அலைகிறான். உப்புத்தண்ணீர் தானே மின்சாரம் கடத்தும் என்பதால் சாதாரண ஒற்றை அதிர்வெண் டிடெக்டர் அங்கே காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். பல அதிர்வெண்ணில் ஒரே சமயம் வேலை செய்வதோ பல்ஸ் இண்டக்ஷன் வகையோ வேண்டும். ஒரு நவம்பரில் போயிருந்தேன். கடல் 11, 12 டிகிரி. உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு கட்டுக்குள் இருக்காது என்று எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில், அலை அடங்கிய நேரமாகப் பார்த்து, இடுப்பளவில் நின்றுகொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? கால் காய்ந்திருந்தது! விரல் சூடாக இருந்தது! கரையில் ஓவர்கோட்டோடு நின்ற அண்ணிதான் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீட்டு ஷெட்டில் மூன்று வகையும் இருந்ததால் ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. பி.வி.சி. முதலில். விலை குறைவு, முரடு, முள்ளுக்கும் கிளிஞ்சலுக்கும் அசராது. ஆனால் மடங்காது, கனம், உள்ளே வியர்வை தங்கும். வியர்த்த துணி கொஞ்ச நேரத்தில் ஐஸாக மாறும். வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூட நுழையாமலே நனைந்து நடுங்குவீர்கள். அடுத்தது நியோப்ரீன். 1930களில் டூபாண்ட் கொண்டுவந்த செயற்கை ரப்பர். அதை நுரைக்கவைத்துக் குட்டிக்குட்டிக் காற்றுக்குமிழிகளோடு தகடாக்குகிறார்கள். மூன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை தடிமனில் வரும். ஏழு, எட்டு டிகிரி கடலில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. துணியே கம்பளி. அதே ஐந்து மில்லிமீட்டரை ஹெப்பகோடியில் காலை ஒன்பது மணி வெயிலில் போட்டுக்கொண்டு கரையேறிப் பாருங்கள், இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரிதான்.

மூன்றாவது வகையில்தான் நான் விழுந்தேன். மூச்சுவிடும் துணி. 1969இல் பாப் கோர் டெஃப்லானைச் சடாரென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்த படலம்தான் இந்தச் சாதிக்கெல்லாம் மூதாதை. அதன் நுண்துளைகள் நீராவியை வெளியே விடும், நீர்த்துளியை உள்ளே விடாது. மூன்று, நான்கு, ஐந்து அடுக்கு என்று வரும். முழங்காலிலும் பின்புறத்திலும் கூடுதல் அடுக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கிழிவது அங்கேதான். இந்தத் துணிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. காகிதம் மாதிரி மெல்லிசு. முதல்முறை கையில் எடுத்த எல்லோருமே ‘இதுவா குளிரைத் தாங்கும்?’ என்பார்கள். இது தாங்க வேண்டியதில்லை. நம்மைக் காயவைத்தால் போதும். சூட்டை உள்ளே போடும் துணி பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகு எனக்கு உலகமே விசாலமாகிவிட்டது. ஒரே வேடர்ஸ், கென்ட்டுக்கு உள்ளே மூன்று அடுக்கு, ஆனேக்கல் பக்கத்துக்கு ஒரு அடுக்கு. நியோப்ரீன் அந்த வசதியைத் தரவே தராது.

உள்ளே என்ன போடுவது என்று கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன். பருத்தி வேண்டாம். திருப்பூர்ப் பனியனை உயிராக மதிக்கும் குடும்பத்திலிருந்து வருகிறேன், இருந்தும் சொல்கிறேன், பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு அடுத்ததாக மெல்லிய மெரினோ கம்பளி, இல்லையென்றால் பாலியஸ்டர் தெர்மல் (அதையும் திருப்பூர் இப்போது தைக்கிறது, மனம் ஆறுங்கள்). மேலே ஃபிளீஸ் பேன்ட். கணுக்காலில் எலாஸ்டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலை நுழைக்கும்போது முழங்கால் வரை சுருண்டு ஏறும். பஞ்சு அடைத்த உப்பலான உடை கடையில் கைக்கு இதமாக இருக்கும், தண்ணீரில் பிரயோஜனமில்லை. இடுப்பளவு இறங்கினதும் நாலா பக்கமும் நீர் அழுத்தி, துணிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் மேலே பிதுக்கிவிடும். அழுத்தினாலும் தட்டையாகாத அடர்த்தியான ஃபிளீஸ்தான் நிற்கும்.

பாதத்துக்குத் தடிமனான கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. குளிருகிறதே என்று இரண்டு மூன்று மாட்டிக்கொண்டு பூட்ஸுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் இறுகி இன்னும் குளிரும். விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான் சோதனை. தலைக்கு மங்கி கேப். சிரிக்காதீர்கள்! பெங்களூரில் டிசம்பர் பிறந்தால் வாட்ச்மேன் முதல் வாக்கிங் தாத்தா வரை மாட்டுகிற அதே குரங்குக் குல்லாய்தான் ஹெட்ஃபோனுக்குக் கீழே காதை மூடி, கழுத்தையும் மூடி, இருநூறு ரூபாய்க்கு உலகத்தரமான வேலை பார்க்கிறது. அண்ணனுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அவனைப் பார்த்து ஆங்கிலேயர்கள் விசாரிக்கிறார்களாம். ஃபிளாஸ்கில் சுக்கு மல்லி காபி, கருப்பட்டி போட்டது. இதற்கு விஞ்ஞானம் கேட்காதீர்கள்.

பூட்ஸ் இரண்டு வகை. உடையோடு ஒட்டியே வருவது ஒன்று. நியோப்ரீன் காலுறையோடு முடிந்து, மேலே தனி பூட்ஸ் மாட்டுவது மற்றொன்று. சேற்றில் கால் இழுபடாமல் இருக்கவும், என் ஐந்தாம் நம்பர் பாதத்துக்குச் சரியான அளவு கிடைக்கவும், இரண்டாவதே எனக்கு உசத்தி. உலோகம் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பூட்ஸ் அடியில் எஃகுத் தகடோ, பிடிப்புக்காக ஆணியோ இருக்கவே கூடாது. ஒவ்வொரு எட்டுக்கும் டிடெக்டர் உங்கள் காலைத்தான் புதையல் என்று அறிவிக்கும். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட கிரஹாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு ஓடினார். மெத்தையில் இருந்த உலோகச் சுருள்கள் அதைக் குழப்பிவிட்டன என்பார்கள். நம் காலில் நாமே கட்டிக்கொள்ளும் மெத்தைச் சுருள்தான் இந்தத் தகடு. கடையில் பில் போடுவதற்கு முன்னால் ஒரு காந்தத்தை அடியில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் இறங்குகிறவர்களோடு நான் போகமாட்டேன். வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் கல்லாய்க் கனத்து உள்ளே இழுக்கும் என்று ஒரு பயம் உண்டு. 1940களில் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் வேடர்ஸ் போட்டபடியே பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறிக் காட்டினார். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. சிக்கல் கரையேறும்போதுதான், காலில் நிறைந்த பாரத்தோடு படியேற முடியாது. பெல்ட் இறுகியிருந்தால் விழுந்தாலும் உள்ளே இறங்கும் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும், உள்ளே சிறைப்பட்ட காற்றும் மிதக்கவைக்கும். அதற்காக ஓடும் ஆற்றில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. மேகதாட்டுப் பக்கம் காவிரியில் முதலையும் இருக்கிறது, சுழலும் இருக்கிறது. அங்கே எந்தத் துணியும் காப்பாற்றாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்கள் அளவில் சின்னதைத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்பு பிடிக்கும், தோள் தொங்கும், கவட்டை முழங்காலுக்கு வரும். பெண்கள் வெட்டில் தனியாக வருகிறது. முன்பக்க ஜிப் வைத்ததாகவோ, மேல்பாகத்தை இடுப்பு வரை சுலபமாக இறக்குகிற பட்டையாகவோ பாருங்கள். ஏன் என்று இரண்டு மணி நேரம் சுக்குக் காபி குடித்தபடி தண்ணீரில் நின்றவளுக்குத் தெரியும். கடையிலேயே குந்தி உட்கார்ந்து, ஒரு காலை நாற்காலியில் வைத்து ஏறிப் பார்த்து வாங்குங்கள். கடையில் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இங்கே எனக்கு இதெல்லாம் எங்கே பயன்படுகிறது? போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் பெண்ணின் நிச்சயதார்த்த மோதிரம், தளிப் பக்கம் அவர்கள் தோட்டத்துக் குட்டையில் விழுந்துவிட்டது. தளி கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனேக்கல் தாண்டினால் வந்துவிடும். வெள்ளைக்காரன் குளிரைப் பார்த்து ‘குட்டி இங்கிலாந்து’ என்று செல்லப்பெயர் வைத்த ஊர். ரோஜாத் தோட்டங்களுக்கு மேலே மூட்டம் இறங்கியிருந்தது. குட்டைக்குக் கல்படி. விழுந்த இடம் மூன்றாவது படிக்கு நேரே என்று அவள் அம்மா சத்தியம் செய்தார். பெரிய டிடெக்டர் அண்ணனிடம். என்னிடம் இருப்பது காரெட் ப்ரோ பாயின்டர், ஒரு முழம்கூட இல்லாத கைக்கருவி, ஆறு மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். ஆனால் சில அங்குலம்தான் மோப்பம் பிடிக்கும். ஆகவே குனிந்து, கையை அடிவரை விட்டு, ஒரு சாண் ஒரு சாணாகத் தடவ வேண்டும்.

குனியும்போதுதான் வேடர்ஸின் அருமை தெரியும், அதன் எல்லையும் தெரியும். மார்புப் பட்டைக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. அதனால் முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் சாய்கிறேன். கைக்கு நியோப்ரீன் கையுறை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் விரலுக்கு மோதிரமும் கூழாங்கல்லும் ஒன்றாகிவிடும். தெர்மாமீட்டர் 18 காட்டியது. கரையில் அவள் குடும்பமே போர்வைக்குள். ஒரு சோடா மூடி. ஒரு ஆணி. இன்னொரு சோடா மூடி. ஒரு பழைய சாவி, அதைப் பார்த்து அவள் தாத்தா, ‘அட, இத பத்து வருசமா தேடுறேன்!’ என்று குதித்தார். வெயில் ஏறி மூட்டம் கலைந்தது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன், காலில் குளிர் என்ற நினைப்பே இல்லாமல். மோதிரம் நான்காவது படி இடுக்கில் இருந்தது. கையுறைக்குள் அது நழுவிய அந்த நொடிக்கு நான் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பேன்! குளிரில் அவசரப்பட்டிருந்தால் மூன்றாவது படியோடு ஏறிப் போயிருப்பேன்.

தொலைத்தவர் யாரென்று தெரிந்த பொருளை, நிலத்துக்காரர் கூப்பிட்டு, அவர் குட்டையிலேயே தேடித் தருவது வேறு. கண்ட இடத்தில் பழங்காசு தோண்டுவது வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கர்நாடகத்துக்கு 1962இல் தனிச் சட்டமே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பக்கம் கருவியோடு போகவே கூடாது. எங்கள் அமராவதியைப் பற்றி அவ்வளவு உருகினேனே, அங்கே நான் டிடெக்டர் வீசியதில்லை, வீசவும் மாட்டேன். சேரன் காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது காசைவிடப் பெரிய செய்தி. பிரிட்டனிலும் 1996 புதையல் சட்டம் இருக்கிறது. அண்ணன் கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குவான்.

ஹெப்பகோடி ஏரியில் இறங்குவீர்களா என்று கேட்கிறார்கள். பயோகான் ஃபவுண்டேஷன் சீர்படுத்தி, கழிவை உறிஞ்சச் செடித்தீவுகளை மிதக்கவிட்ட ஏரி அது. அங்கே எனக்கு வேலை கரைநடைதான். பக்கத்துச் சந்தாபுரா ஏரிக்காக 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இந்த வட்டாரத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். ஆனால் இங்கே ஏரி சுத்தம் செய்ய வரும் தன்னார்வலர்கள் அரைக்கால் டவுசரோடு ஆகாயத்தாமரைக்குள் இறங்குவதைப் பார்க்கும்போது, இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேடர்ஸ் மாட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அவர்களுக்கு மூச்சுவிடும் துணிகூட வேண்டாம், முரட்டு பி.வி.சி. போதும், கழுவுவதும் சுலபம்.

ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போகும் முன் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், அதனால்தான் எங்கள் பால்கனிக் காட்சி. கம்பளிமெத்தை போன்ற ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸை நியூசிலாந்து 2008இலேயே தடைசெய்துவிட்டது. ஈரம் காயாத அந்த அடியில் பாசி ஒட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஆறு பரவுகிறதாம். எனவே ரப்பர் அடி. முதலில் உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில், பிறகு வெளிப்பக்கம். ஊசித்துளை பார்க்க இருட்டு அறையில் உள்ளே டார்ச் விட்டால் போதும், வெளிச்சம் புள்ளியாக எட்டிப் பார்க்கும். யுரேத்தேன் பசை ஒரு சொட்டு, ஒரு ராத்திரி. மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் படலம் வெடிக்கும்.

மெட்ரோ மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து ‘பயோகான் ஹெப்பகோடி’ நிலையத்தில் ஏறுவது எனக்கு இன்னொரு வேடிக்கை. ஸ்கேனரில் பை போகும். காவலர் திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி திரையைப் பார்ப்பார். ‘என்ன மேடம் இது?’ ‘மெட்டல் டிடெக்டர் சார்.’ தன் கையில் இருக்கும் மெட்டல் டிடெக்டரை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அடுத்த கேள்வி எப்போதும் வேடர்ஸைப் பற்றித்தான், அங்கே நான் இரண்டு ரயிலை விட்டுவிடுவேன்.

பொங்கலுக்கு அண்ணன் வருகிறான். சாக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம், அண்ணியிடம் தனியாகவும் சொல்லிவிட்டேன்: பெண்கள் வெட்டில் சின்ன அளவு மூச்சுவிடும் வேடர்ஸ் இன்னொரு ஜோடி, மூன்று மில்லிமீட்டர் கையுறை இரண்டு, கம்பளி சாக்ஸ் நான்கு. ஒரு செட் கீழ்வீட்டு அத்தைக்கு. தளிக்கு அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மங்கி கேப் ஏற்கெனவே வாங்கிவிட்டார்.